இருபத்தேழாம் எண் வண்டியின் ஒன்பதாம் சுற்று

எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பின் ஆண்டு விருந்துக்குப் பத்து நாள் இருந்தபோது, செயலாளர் போன் செய்தார். பழைய கண்மாய் ட்ராக்கில் ஓட்டிய ஒன்பது மூத்த வீரர்களை இந்த வருடம் மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறோம், ஆளுக்கு ஒரு பாராட்டு மடல் எழுதி வாசிக்க வேண்டும், அதை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றார். கிளப்பில் முப்பத்தொரு வருடம் நான் ஸ்கோரர். பந்தயத்தில் யார் எத்தனை சுற்று முடித்தார்கள் என்று எண்ணி எழுதுகிற வேலை. பழைய தாள்கள் எல்லாம் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன.

எட்டு மடல்களை இரண்டே நாளில் எழுதி முடித்தேன். ஒன்பதாவது ஸ்ரீவில்லிபுத்தூர் வரதனுடையது. அதற்காகச் செயலாளர் மறுபடி போன் செய்து கேட்டது ஒரே ஒரு விவரம்.

"அக்கா, அவரு வெளியூர்ல நெறைய ஜெயிச்சிருக்காரு. நம்ம ட்ராக்ல என்ன பொசிஷன்?"

"அஞ்சாவது" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். தாளில் அப்படித்தான் இருக்கிறது. அதை எழுதியவள் நான். அது தப்பு என்பதும் எனக்குத் தெரியும்.

1. மேசைக்கு வந்த கதை

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லின் தரச் சோதனைக் கூடத்தில் எனக்கு இருபத்தோரு வயதில் வேலை கிடைத்தது. நூலைச் சுற்றி எடுத்து, எடை பார்த்து, அதன் பருமனைக் காட்டும் கவுண்ட் எழுதுவது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான எண்கள். ஒன்று பிசகினாலும் அந்த லாட்டே திரும்பி வந்துவிடும். என் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று மில்லில் பேச்சு.

எங்கள் மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர்தான் அப்போது கிளப் தலைவர். கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் உள்ள கண்மாய் வற்றிவிடும். அந்தக் காய்ந்த கரம்பை மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மூலைக்கு மூலை டயர் அடுக்கி ட்ராக் அமைப்பார்கள். ஒரு வருடம் ஸ்கோரர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் போய்விட, தலைவர் சோதனைக் கூடத்துக்கே வந்தார்.

"பத்மா, ஞாயித்துக்கெழம ஒரு வேல இருக்கு. எண்ணணும். அம்புட்டுத்தான்."

போன பிறகுதான் தெரிந்தது, அம்புட்டுத்தான் இல்லை என்று. பன்னிரண்டு வண்டிகள், பதினைந்து சுற்று. ஒவ்வொரு வண்டியும் கோட்டைத் தாண்டும்போது அதன் எண்ணை எழுத வேண்டும். பக்கத்தில் ஒரு பி.டி. மாஸ்டர் ஸ்டாப் வாட்சைப் பார்த்தபடி நேரத்தைச் சத்தமாகப் படிப்பார். அதையும் எண்ணுக்கு நேரே எழுத வேண்டும். முதல் வண்டி கடைசிச் சுற்றை முடிக்க வரும்போது நான் கை தூக்கினால்தான் கொடிக்காரர் கொடியை இறக்குவார். பந்தயம் என் கையில்தான் முடியும்.

முதல் நாள் என்னைச் சேலையோடு அந்த மேசையில் பார்த்ததும் கூட்டத்தில் ஒருவர், "ஏலே, கோலப்புள்ளி எண்ணுத மாதிரி எண்ணிருவாவளோ?" என்று கேட்டுச் சிரித்தார். அன்று நான்கு தகுதிப் பந்தயங்கள். நான்கிலும் ஒரு பிசகு இல்லை. அடுத்த பந்தயத்தில் அதே ஆள் எனக்கு நிழலுக்குத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்.

எனக்கு அந்த மேசை பிடித்துப்போனது. அப்படிப்பட்ட ஓட்டுநர்கள் இருந்தார்கள். சோழபுரத்துச் சண்முகவேல் காலையில் அதே வண்டியில் பால் கேன்களைக் கொண்டுபோய் இறக்குவார். பிறகு கேரியரைக் கழற்றிவிட்டு பத்து மணிக்கு ஸ்டார்ட் லைனில் நிற்பார். ஒருமுறை காரையெலும்பு முறிந்த நிலையில் ஆறு சுற்று ஒற்றைக்கையால் ஓட்டி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இவர்களுக்கு வண்டிக் கம்பெனியின் உதவியும் இல்லை, ஸ்பான்சரும் இல்லை. பிஸ்டனை அரத்தால் தேய்த்து, சைலன்சரை அறுத்து, தாங்களே கண்டுபிடித்த வித்தைகளால் வேகம் கூட்டினார்கள். அவர்களுடைய உழைப்பைக் கணக்கில் கொண்டுவருவது என் பென்சில் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

2. பென்சில் முனை

அவர்களில் இருவரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

வெங்கட்ராஜு ராஜபாளையத்துக்காரர். அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை. எண் 21. வளைவில் காலைத் தரையில் உரசிக்கொண்டு, விழப்போகிறார் என்று பார்க்கிறவர்கள் எழுந்துவிடுகிற மாதிரி ஓட்டுவார்.

வரதன் ஸ்ரீவில்லிபுத்தூர். அவருடைய அப்பா கோயிலுக்குப் பூக்கட்டுகிறவர். வரதன் ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கல் குவாரியில் டீசல் மெக்கானிக். எண் 27. நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்ப்பார். அவர் வண்டி கத்தாது. எந்த இடத்தில் முந்தினார் என்றே தெரியாது. அடுத்த சுற்றில் பார்த்தால் முன்னால் போய்க்கொண்டிருப்பார்.

நான் மேசைக்கு வந்த இரண்டாவது வருடம், இறுதிப் பந்தயம். நல்ல காற்று. புழுதி சுவர் மாதிரி எழுந்து நின்றது. முதல் சுற்றிலிருந்தே 27 முன்னால், 21 பின்னால். எட்டுச் சுற்று வரை எழுதினேன். ஒன்பதாவதில் முன்னால் வருகிற வண்டிச் சத்தம் கேட்டபோது என் பென்சில் முனை ஒடிந்தது. குனிந்து பையிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். நிமிர்ந்தபோது புழுதிக்குள்ளிருந்து 21 வந்தது. எழுதினேன். 27 இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பி.டி. மாஸ்டரின் கண் வாட்சில் இருந்தது. அவரும் பார்க்கவில்லை.

பதினைந்தாவது சுற்றை முடித்து வரதன் கோட்டைத் தாண்டும்போது இரண்டு கைகளையும் தூக்கினார். என் தாளில் அது பதினாலு. நான் கை தூக்கவில்லை. கொடி அசையவில்லை. அவருக்குப் பின்னால் வெங்கட்ராஜு வந்தார். அது பதினைந்து. கை தூக்கினேன். கொடி இறங்கியது. கூட்டம் கத்தியது.

வரதன் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு சுற்று வந்து முடித்தார். அதற்குள் நான்கு பேர் கொடி வாங்கிவிட்டார்கள். அவர் ஐந்தாவது.

முகமெல்லாம் மண்ணாக நேரே என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"எம்மா, என்னைய ஒரு தடவ விட்டுட்டீங்க. நான் எண்ணிக்கிட்டேதான் ஓட்டுதேன். பதினஞ்சு முடிச்சேன்."

நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். "இதுல பதினாலுதான் இருக்கு."

பக்கத்தில் நின்ற அலுவலர் ஒருவர், "தோத்தவன் எல்லாம் இப்பிடித்தாம்மா பொய் சொல்லுவான், நீ சீட்ட மடி" என்றார். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். வரதன் என்னைப் பார்த்தார். நான் தாளை மடித்தேன்.

பரிசு கொடுத்து முடிந்து, சாயங்காலம் மற்ற கணக்குகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். 27க்கு நேரே எழுதிய நேரங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றும் ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒட்டி இருந்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மட்டும் இரண்டரை நிமிடம். விழுந்து எழுந்தால்தான் அவ்வளவு ஆகும். அவர் விழவில்லை. இடையில் ஒரு சுற்றை நான் தின்றுவிட்டிருந்தேன். நாளெல்லாம் கவுண்ட் பார்க்கிறவளுக்கு இது புரிய ஒரு நொடி போதும்.

தாளை எடுத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினேன். பார்த்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ப்ரைஸ் குடுத்தாச்சு பத்மா. பொம்பளப் பிள்ளையக் கொண்டாந்து உக்கார வச்சேன்னு ஏற்கெனவே என்னைய ஏசுதானுவ. இது வெளிய போச்சுன்னா ஒனக்கு இந்த மேசை கெடையாது. இனிமே எந்தப் பொம்பளையும் இங்க வர முடியாது. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். பேசாமல் இருந்துவிட்டேன். அவர் சொன்னதால்தான் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அவர் என்னைக் கட்டிப்போடவில்லை. மேசை போய்விடும் என்ற பயம் என்னுடையது.

அதன் பிறகு வரதன் எங்கள் ட்ராக்குக்கு வரவே இல்லை. கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று ஓட்டினார். ஜெயித்தார். நான் பேப்பரில் பார்ப்பேன். மூன்று பென்சில் சீவி வைத்துக்கொண்டு, இன்னொருவரையும் கூட எண்ண வைத்து, அடுத்து வந்த அத்தனை வருடமும் ஒரு சுற்றைக்கூட நான் விடவில்லை. எனக்குப் பின்னால் நான்கு பெண்கள் அந்த மேசைக்கு வந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தாள் அப்படியே இருந்தது.

3. ரீவைண்டிங் கடையில்

மடலில் "ஐந்தாவது" என்று எழுதி வாசிக்க என்னால் முடியாது. தாளை எடுத்துக்கொண்டு முதலில் வெங்கட்ராஜுவைப் பார்க்கப் போனேன். முதலிடத்தை இழக்கப் போகிறவர் அவர். மேடையில் வைத்து அவருக்குத் தெரிய வரக் கூடாது.

கடை இப்போது மகன் கையில். வெங்கட்ராஜு உள்ளே ஒரு மோட்டாரின் காயிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கிவிட்டார். என்னைப் பார்த்ததும், "வா அம்மாயி, மடல்ல என்னையப் பத்தி நல்லா எழுதிருக்கியா?" என்றார். அவர் வீட்டில் தெலுங்கு; அம்மாயி என்றால் பெண்ணே. என்னை அந்தக் காலத்திலிருந்தே அம்மாயி என்றுதான் கூப்பிடுவார்.

சொன்னேன். முதல் வார்த்தையிலேயே முகம் மாறிவிட்டது.

"நாப்பது வருசம் கழிச்சு வந்து சொல்லுத. பேரப் பிள்ளையளுக்கு அந்தக் கப்பக் காட்டித்தான் சோறு ஊட்டிருக்கேன். இப்ப அது என்னோடது இல்லைங்குத. வேற சோலி இல்லையா ஒனக்கு?"

"தாளப் பாத்துருங்க. பாத்துட்டு நான் சொல்லுதது தப்புன்னா போயிருதேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரலால் ஒவ்வொரு நேரமாக நகர்ந்தார். எட்டாவதில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தார். மறுபடி எட்டில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு முழுக்க அவன் கிளப்பின புழுதியத்தான் தின்னுக்கிட்டு வந்தேன்" என்றார். "கொடி எனக்கு விழுந்தப்ப எனக்கே புரியல. எங்கயோ ஒரு எடத்துல நின்னுருப்பான் போல, நான் கவனிக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பிடி நெனைக்கது வசதியா இருந்துச்சு."

மகன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"கப்ப நான் குடுக்கேன். அது பெரிய விசயமில்ல. ஆனா நீ மொதல்ல அவன்ட்ட போ. நான் கூட வரமாட்டேன். நான் வந்தா ராஜி பேச வந்த மாதிரி ஆயிரும். இது ஒன் வேல."

4. வரதன் கேட்டது

மறுநாள் காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேரடியிலிருந்து இரண்டு தெரு. வரதன் வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் கிரைண்டருக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நெற்றியில் அதே திருமண். என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

அவருடைய மனைவி கோதை நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. முதலில் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் ஒடிந்தது, இரண்டரை நிமிடம், தலைவர் பேசியது, என் பயம்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமே."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். கோதைதான் பேசினார்.

"ராஜபாளையத்துக்கு பஸ்ல போனாக்கூட இவிய அந்தக் கண்மாய்ப் பக்கம் திரும்ப மாட்டாவ. எதிர் சன்னலப் பாத்துத்தான் உக்காருவாவ. ஏன்னு நான் எத்தன நாள் கேட்டிருப்பேன்."

"கப்பு எனக்குப் பெருசு இல்லம்மா" என்றார் வரதன். "எம்புட்டோ கப்பு வாங்கியாச்சு, பரண்ல கெடக்கு. அன்னைக்கு அந்த ஆளு பொய் சொல்லுதான்னு சொன்னது இருக்கே, அது ஊருக்குள்ள வந்துருச்சு. எங்கப்பா காதுலயும் விழுந்துச்சு. பெருமாளுக்குப் பூக்கட்டுத கை அது. ‘தோத்தா தோத்துட்டேன்னு சொல்லிட்டு வரவேண்டியதுதான, எதுக்கு வரதா பொய் சொன்ன?’ன்னாவ. நான் ஜெயிச்சேன்னு அவியட்ட எத்தனையோ தடவ சொல்லியாச்சு. நம்பாமலே போயிட்டாவ."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை அங்கே ரொம்பச் சின்னதாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன். அவர் ஸ்பேனரை எடுத்து மறுபடி பெல்ட்டை மாட்டத் தொடங்கினார்.

நான் எழுந்தபோது கேட்டார். "பந்தயத்துல ரிசல்ட் தப்பாப் போனா என்ன செய்வீங்க, ஆபீஸ் முறைப்படி?"

"திருத்தின ரிசல்ட் போடுவோம். பழசுல ஒத்தக் கோடு அடிச்சு, புதுசு எழுதி, ஸ்கோரர் கையெழுத்துப் போட்டு, எல்லாருக்கும் கேக்கும்படி வாசிக்கணும்."

"அதச் செய்யுங்க. நாலு பேரு முன்னாடி அந்தச் சொல்லு வந்துச்சு. நாலு பேரு முன்னாடி போகட்டும். பொன்னாடை போத்தி நைசாப் பேசி அனுப்புதது வேண்டாம். வாசிப்பீங்கன்னா நான் வாரேன்."

"வாசிக்கேன்" என்றேன்.

அப்போதுதான் அவர், "மோரக் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

5. விருந்து

செயலாளர் ஒத்துக்கொள்ள யோசித்தார். "அக்கா, நல்ல நாள். மந்திரிக்குச் சொந்தக்காரங்கல்லாம் வாராங்க. இத மினிட்ஸ் புக்குல திருத்தி வச்சிக்கிட்டா போதாதா?" என்றார். போதாது என்றேன். வாசிக்க விடவில்லை என்றால் மற்ற எட்டு மடல்களையும் வேறு யாராவது வாசிக்கட்டும் என்றேன். அந்த வயதில் நான் பேசியிருக்க வேண்டிய பேச்சு அது. அறுபதுக்கு மேல்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் ஏழெட்டுப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைத் துடைத்து மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். மண்டபம் முழுக்கக் கூட்டம். இப்போது ஓட்டுகிற பிள்ளைகள், பெண்கள் உட்பட, கிளப் சட்டையில் வரிசையாக நின்று ஒன்பது பேரையும் உள்ளே அழைத்து வந்தார்கள். சண்முகவேல் கைத்தடியோடு வந்தார். கைத்தடியை வாங்க வந்த பிள்ளையிடம், "இது எனக்குக் கியர் லிவரு, விட்டுரு" என்றார். கோதையோடு வரதன் வந்து முதல் வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

எட்டு மடல்களையும் வாசித்தேன். கைதட்டலோடு ஒவ்வொருவராக மேடையேறி உட்கார்ந்தார்கள். வெங்கட்ராஜுவின் மடலில் அந்த வருடத்து முதலிடத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். பிறகு பழைய தாளைக் கையில் எடுத்தேன்.

"இது மடல் இல்லை" என்றேன். "நாற்பது வருடம் தாமதமான ஒரு ரிசல்ட். தப்பு நடந்தது ஸ்கோரர் மேசையில். அந்த ஸ்கோரர் நான். இருபத்தேழாம் எண் வண்டியின் ஒன்பதாம் சுற்றை நான் எழுதாமல் விட்டேன். அன்றே அது எனக்குத் தெரிந்தது. அன்றே திருத்தவில்லை. அவர் என் மேசையில் வந்து சொன்னது முழுக்க உண்மை. திருத்திய முடிவை வாசிக்கிறேன். முதலிடம், எண் இருபத்தேழு, வரதன், ஸ்ரீவில்லிபுத்தூர், பதினைந்து சுற்று. இரண்டாமிடம், எண் இருபத்தொன்று, வெங்கட்ராஜு, ராஜபாளையம், பதினைந்து சுற்று."

முதலில் எழுந்து நின்றது வெங்கட்ராஜு. பையிலிருந்து கப்பை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வரதனின் நாற்காலிக்கு நடந்தார். பிறகு மொத்த மண்டபமும் எழுந்தது. கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரியவில்லை. நான் எண்ணவில்லை.

வரதன் கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக விளக்கிப் பளபளவென்று இருந்தது.

"ஏலே ராஜு, எனக்கு எம்புட்டுப் பின்னால வந்த அன்னைக்கு?"

"ரெண்டு வண்டி நீளம்."

"நாலு."

"சரி, மூணுன்னு வச்சுக்கோ. செகண்டுக்கும் கப்பு உண்டுல்லா, அது எங்க? அம்மாயி, என் செகண்ட் கப்பு எங்க?"

மண்டபமே சிரித்தது. கோதை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

வரதன் மேடைக்கு வந்தார். மைக்கில் இரண்டே வாக்கியம் பேசினார். "எங்கப்பா இருந்திருந்தா கூட்டியாந்திருப்பேன். மத்தபடி இன்னைக்கு எனக்கு ஒரு கொறையும் இல்ல." பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி, நான் அடித்திருந்த ஒற்றைக் கோட்டையும் கீழே என் கையெழுத்தையும் பார்த்துத் தலையசைத்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் அவரும் வெங்கட்ராஜுவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, மூன்றாம் வளைவில் யார் எப்போது பிரேக் பிடித்தார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் இப்போது ஓட்டுகிற பிள்ளைகள் பாயசத்தை மறந்துவிட்டு நின்று கேட்டார்கள். ஒன்பது பேரையும் ஒரே வரிசையில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இவர்கள் ஓட்டிய சுற்றுகளை எண்ணியவள் நான் என்று அன்று முதல்முறையாக முழு உரிமையோடு நினைத்துக்கொண்டேன்.

வரதன் என் கோழைத்தனத்தை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கை கழுவிவிட்டு வரும்போது, "இப்பல்லாம் ஆரு எண்ணுதா?" என்று கேட்டார்.

"வண்டியிலயே ஒரு சின்ன மெஷின் மாட்டிருதாங்க. கம்ப்யூட்டர் எண்ணிரும்."

"அது விட்டுட்டா?"

"அதுக்குத்தான் பக்கத்துல ஒரு ஆள் தாள்லயும் எழுதுவாங்க."

"நல்லது" என்றார். "அந்தாளு யாருன்னு நல்லாப் பாத்து வைங்க."

ஸ்கோரர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் தப்பு வரும். அன்றைக்கே சொல்லுங்கள். மேசை போனால் போகட்டும், வேறு மேசை கிடைக்கும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் இன்னொருவர் வீட்டில் கழிகிறது. வரதனுக்கு அவருடைய முதலிடத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதை அவருடைய அப்பாவுக்குச் சொல்ல என்னால் முடியவில்லை.